கெட்டிலில் படிவது உப்பா, இல்லையா? மகளிடம் மாட்டிக்கொண்டேன்

ராமமூர்த்தி நகர் அம்மா:
வணக்கம். நான் பி.காம்., கெமிஸ்ட்ரியைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவள். பெங்களூரில் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் காவேரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னொன்றில் போர் தண்ணீர், எந்நேரமும். கோடையில் கெட்டிலுக்கும் போர் தண்ணீர்தான். அடியில் ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஏழாவது படிக்கும் மகள் என்னவென்று கேட்டாள். ஊரே சொல்வதுபோல நானும் "உப்பு" என்றேன்.

அவள் விடவில்லை. பொருக்கைச் சுரண்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டாள், இன்னொன்றில் தூள் உப்பு. தூள் உப்பு இரண்டு கலக்கில் காணாமல் போனது. பொருக்கு மறுநாள் காலையிலும் அப்படியே கிடந்தது. அப்புறம் அதை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்தாள், சுர்ரென்று நுரைத்தது. "உப்புன்னா கரையணும். இது உப்பே இல்ல" என்று தீர்ப்பு. டியூஷன் அக்காவோ உப்புதான் என்கிறார். யார் சொல்வது சரி?

ஒயிட்ஃபீல்டு வாசி:
வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி ஒரு கொதி விடுங்கள் மேடம், பளிச்சென்று ஆகிவிடும். எங்களுக்கு டேங்கர் தண்ணீர், மாதாமாதம் இதே வேலை.

ராமமூர்த்தி நகர் அம்மா:
நன்றி சார். ஆனால் இப்போதைக்குக் கெட்டிலைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

பழைய பிப்பெட்:
அம்மா, கல்லூரி லேபில் முப்பது வருடம் குடுவை கழுவியவன் நான். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சமையலறையில் உப்பு என்றால் ஒன்றுதான். கெமிஸ்ட்ரியில் அது ஒரு குடும்பப் பெயர்: அமிலமும் காரமும் சேர்ந்து பிறப்பதெல்லாம் உப்பு. மயில்துத்தம் உப்பு, ஆப்ப சோடா உப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் தூள் உப்பை 350 கிராமுக்கு மேலேயே கரைக்கும். உங்கள் பொருக்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; அதில் 15 மில்லிகிராம் கரைந்தாலே பெரிது.

ஆனால் நான் சொல்லிவிட்டேன் என்று பாப்பா நம்ப வேண்டாம். அவள் சோதனையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பொருக்கின்மேல் எலுமிச்சை பிழிந்தாள் சரி, தூள் உப்பின்மேல் பிழிந்தாளா? அதையும் பார்த்தால்தான் நுரை எதனால் வந்தது என்று பேச முடியும்.

அடுத்து, வந்த வாயு என்ன? பீடாக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கி, கோலிக்குண்டு அளவு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது பால்போல் கலங்கும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வேதியியல் அறிஞர் ஜோசப் பிளாக் 1756-இல் அச்சிட்ட ஆராய்ச்சி இந்த வாயுவைப் பற்றித்தான். சுண்ணாம்புக்கல் போன்றவற்றைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்து, குறைந்த எடை எங்கே போனது என்று தேடிய மனிதர். சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் குடித்துவிட வேண்டாம்.

கடைசியாக, காவேரியையும் போரையும் ஒரே அளவு, ஒரே மாதிரிப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சுங்கள். என்ன வரும் என்று அவள் நினைப்பதை முன்னாலேயே நோட்டில் எழுதட்டும்.

ராமமூர்த்தி நகர் அம்மா:
ஐயா, ஞாயிறு முழுக்க இதே வேலை. தூள் உப்பு நுரைக்கவில்லை. பொருக்கும் வினிகரும் போட்ட பாட்டிலிலிருந்து குழாய் வழியாக வாயுவைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டோம். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. "ஐயா சொன்னது தப்பு" என்றாள்! பார்த்தால் மூடியில் சந்து. சப்பாத்தி மாவால் அடைத்தோம், கலங்கியது. வெறும் வினிகரை மட்டும் வைத்தும் பார்த்தாள், கலங்கவில்லை.

காவேரிக்கு "ஒண்ணும் இருக்காது" என்று எழுதியிருந்தாள். அதிலும் மெல்லிய வெள்ளை வளையம் இருந்தது. உடனே ரப்பரை எடுத்து எழுதியதை அழிக்கப் போனாள், பிடுங்கி வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். மிச்சச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினாள் (உறிஞ்சாதே என்று பக்கத்திலேயே நின்றேன்). பால்போல் ஆனது. விடாமல் பத்து நிமிடம் ஊதியதில் மறுபடி தெளிந்துவிட்டது. எங்கே போனது?

பழைய பிப்பெட்:
பலே! முதல் ஊதலில் உண்டான கார்பனேட், வாயு கூடக்கூட பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துவிட்டது. மண்ணுக்கடியிலும் இதே வாயு தண்ணீரில் கலந்து, பாறையிலுள்ள கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பெங்களூரின் பாறை கிரானைட்டும் நைஸும் (gneiss, வரிவரியான ஒரு பாறை) தான், அதிலும் கால்சியம் உண்டு. அந்த டம்ளரில் இருப்பது கிட்டத்தட்ட உங்கள் போர் தண்ணீர். கொட்டிவிடாதீர்கள், கொதிக்க வையுங்கள். என்ன ஆகும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், பேனாவில்.