பதில்: சோலா ஸ்க்ரிப்டுராவுக்குத் தமிழ் – ‘மட்டும்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் சமயக் கலைச்சொல் அகராதிக்காக ‘சோலா ஸ்க்ரிப்டுரா’வுக்குத் தமிழ் தேடும் மடல்களை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். போதனைகள் மோதினால் பைபிளைக் கொண்டே தீர்க்க வேண்டும் என்ற, பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் கொள்கை அது. ‘வேதம் மட்டும்’ என்பதை ஏறக்குறைய முடிவாக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. திருகோணமலையில் இருக்கிற எனக்கு அதில் இரண்டு சொல்லுமே இடிக்கின்றன.

> ‘வேதம்’ என்றாலே பைபிள்தான், எல்லாருக்கும் விளங்கும்.

ஐயா, உங்கள் பக்கத்தில் விளங்கும். இங்கே கோணேசர் கோயிலடியில் ‘வேதம்’ என்றால் இருக்கு, யசுர் என்று தொடங்கும் நான்கும்தான். கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போனால் திருக்குர்ஆன்தான் இறைவேதம். எங்கள் மெதடிஸ்த ஆலயத்துக்குள் வந்தால் அதே சொல் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை. கிறிஸ்தவர்களை ஊரில் ‘வேதக்காரர்’ என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது பேச்சு வழக்கு. அகராதியில் ஏறும் சொல் மூன்று சமயத்தாருக்கும் ஒரே நூலைக் காட்ட வேண்டும். ‘மறை’க்குத் தாவினாலும் நான்மறை, திருமறை, பொதுமறை என்று அங்கேயும் கூட்டம். ‘வேதாகமம்’ இன்னும் வேடிக்கை: சைவர்கள் வேதம், ஆகமம் என்று இரண்டாகச் சொல்வதை ஒன்றாக ஒட்டினால் வருவது அது.

ஆகவே ‘விவிலியம்’. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் ‘திருவிவிலியம்’ என்ற பெயரில்தான் வந்தது. ‘லூதரின் கொள்கைக்குக் கத்தோலிக்கர் வாயில் புழங்குகிற சொல்லா?’ என்று என் அம்மாவே கேட்பார். கேட்கட்டும்.

சரி, இனி ‘மட்டும்’. எனக்குப் பெரிய மனக்குறை அதில்தான்.

லத்தீனில் ‘ஸ்க்ரிப்டுரா’ என்ற அந்த நூற்சொல் எழுவாயாக நிற்கவில்லை. நம்முடைய மூன்றாம் வேற்றுமைக்கு ஈடாக, ‘நூலால்’ என்ற பொருளில் நிற்கிறது. கூடவே வரும் ‘சோலா ஃபிதே’, ‘சோலா கிராத்தியா’ இரண்டும் அப்படியே: விசுவாசத்தினால், கிருபையினால். ‘வேதம் மட்டும்’ என்று மொட்டையாக நிறுத்தினால் அந்த ‘ஆல்’ உதிர்ந்துவிடுகிறது. எது நூலால் நடக்கிறது என்ற கேள்வியும் கூடவே காணாமல் போகிறது. மிஞ்சுவது, வேறு எதையும் கையால் தொடாதே என்ற தொனி.

கொள்கை அப்படிச் சொல்லவில்லையே. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்ற லூதர், பாப்பரசர்களும் திருச்சபைச் சங்கங்களும் தவறியதுண்டு, ஒன்றோடொன்று முரண்பட்டதும் உண்டு என்றார். வேதவாக்கியத்தாலோ தெளிவான நியாயத்தாலோ தன் பிழையைக் காட்டினால் ஒழியப் பின்வாங்க முடியாது என்றார். நியாயத்துக்கு அங்கேயே இடம் கொடுத்துவிட்டார், பாருங்கள். அப்புறம் 1529இல் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைப் பகுதி பகுதியாக விளக்கினார். ‘மட்டும்’ என்பதை நாம் இன்று கேட்கிற பொருளில் அவர் எடுத்திருந்தால், விவிலியத்துக்கு வெளியே எழுந்த அந்தப் பிரமாணத்தை எப்போதோ தூக்கி எறிந்திருப்பார்.

> ‘விவிலியமே பிரமாணம்’ எப்படி? சைவ சித்தாந்தத்தில் ஏற்கெனவே இருக்கிற சொல்.

அக்கா, இதில் நானும் கொஞ்ச நேரம் மயங்கினேன். காண்டல், கருதல், உரை என்ற அளவைகளில் ‘உரை’யை எடுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் அளவை கேட்பது ‘எதைக் கொண்டு அறிகிறோம்’ என்று. இங்கே கேள்வி ‘இரண்டு போதனை மோதினால் எதைக் கொண்டு தீர்ப்பது’ என்பது. அதைவிட நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு. சபைத் தமிழில் மோசேயின் சட்டம் ‘நியாயப்பிரமாணம்’, அறிக்கையிடுவது ‘விசுவாசப் பிரமாணம்’. மூன்றாவதாக இன்னொரு பிரமாணம் வந்தால் பிள்ளைகள் பரீட்சையில் மூன்றையும் மாறி மாறி எழுதுவார்கள்.

போன கிழமை என் அக்காவோடு ஒரு அடகுக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சங்கிலியைக் கறுப்புக் கல்லில் ஓர் இழு இழுத்தார், கோட்டில் ஒரு துளி அமிலம் விட்டார், குனிந்து பார்த்தார், மாற்றைச் சொன்னார். சங்கிலியை யாரும் வெளியே எறியவில்லை. கடையில் பொன் எவ்வளவும் இருக்கலாம், கல் ஒன்றுதான். கல்லை யாரும் இன்னொரு கல்லில் உரைத்துப் பார்ப்பதில்லை. அங்கேயே எனக்குச் சொல் கிடைத்துவிட்டது: உரைகல்.

வீட்டுக்கு வந்து தேடினால், லூதரன்கள் 1577இல் வகுத்த கொன்கோர்ட் அறிக்கை இதே உவமையைச் சொல்லியிருக்கிறது. எல்லாப் போதனையையும் சோதிக்கும் ஒரே நீதிபதி, ஒரே அளவுகோல், ஒரே உரைகல் வேதநூல். பழைய மூன்று விசுவாசப் பிரமாணங்களையும் அதே பகுதியில் ஏற்றுக்கொள்கிறது. கல் வேறு, உரைத்துத் தேறிய பொன் வேறு.

நமக்கு இது அந்நிய உவமையும் இல்லை. ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்று குறளில் இருக்கிறது. ‘கருமமே’ என்ற அந்த ஏகாரம், பிரிநிலை ஏகாரம், ‘மட்டும்’ செய்ய வேண்டிய வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. கட்டளைக்கல் என்றே வைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். சபையில் அதைச் சொன்னால் சீனாய் மலைக் கற்பலகைதான் கண்ணுக்கு வரும். வேண்டாம், உரைகல்லே நல்லது.

> உரைகல் பொன்னைத் தராது. விவிலியம் போதனையைத் தருகிறதே?

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், உவமை அங்கே நொண்டுகிறது. ஆனால் மீட்புக்கு வேண்டியதெல்லாம் நூலில் இருக்கிறது என்பது பக்கத்துக் கொள்கை, அதற்குத் தனிச்சொல் வேண்டும். ஒரு சொல்லில் இரண்டு சுமையை ஏற்றினால் இரண்டுமே விழும்.

மரபையும் கைக்கொள்ளச் சொல்கிறதே என்று கத்தோலிக்க நண்பர் 2 தெசலோனிக்கேயர் 2:15ஐக் காட்டியிருந்தார். அதைப் பழைய மொழிபெயர்ப்பில் பாருங்கள்: ‘முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள்’. மாற்கு 7:8இல் ‘மனுஷருடைய பாரம்பரியம்’. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். கைக்கொள்ள வேண்டியது முறைமையாகவும் கண்டிக்கப்படுவது பாரம்பரியமாகவும் பிரிந்துவிட்டன. கலைச்சொல் ஒரு பக்கம் சாய்வது இப்படித்தான். ‘மட்டும்’ போட்டால் நாமும் அதையே செய்கிறோம். நமது பட்டியலில் இரண்டுக்கும் ‘மரபு’ என்றே வைப்போம். கத்தோலிக்கர் எதை மறுக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெளிவாகும்: உரைகல் இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை, அது ‘ஒன்றே’ என்பதைத்தான் மறுக்கிறார்கள்.

என் முன்மொழிவு: தலைச்சொல் ‘விவிலிய உரைகல் கொள்கை’. சுலோகமாகச் சொல்ல ‘விவிலியமே உரைகல்’. ‘வேதம் மட்டும்’ என்று தேடி வருகிறவருக்கு ஒரு ‘காண்க’ போதும். விவிலியத்துக்கு முதலிடம், மற்றவற்றுக்கும் இடம் என்கிற பிரைமா ஸ்க்ரிப்டுராவுக்கு ‘விவிலிய முதன்மை’. மரபையே தொடமாட்டேன் என்கிற நூடா ஸ்க்ரிப்டுராவுக்கு ‘வெறும் விவிலியம்’ என்று வைக்கலாம், கொஞ்சம் கேலியாகக் கேட்டாலும் மூலத்திலும் அந்தக் கேலி உண்டு. ‘உரைகற்கொள்கை’ என்று புணர்த்த வேண்டாம், மாணவர் ‘கற்கொள்கை’ என்று ஏதோ கட்டட வேலையை நினைப்பார்கள்.

மேலே சொன்ன பக்கத்துக் கொள்கைக்குப் ‘போதுமை’யா ‘நிறைவு’ என்பதா என்று தனி இழை திறக்கிறேன். அங்கே வாருங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து