வீட்டில் 168, தேர்வில் 139: என் நோட்டு எங்கே பொய் சொல்கிறது?

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதித் தவறவிட்டவள் நான். முதலில் 2024 ஜூன் 9, அடுத்து 2025 ஜூலை 12. மூன்றாம் முறை புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம் எனக்குத் தெளிவாக வேண்டும். பாடத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் மேல்தான் சந்தேகம்.

ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டு. திங்கட்கிழமை மட்டும் சந்தை இரவு. வெளியூர் வியாபாரிகள் பில் போட்டு மூட்டை கட்டி முடிக்கும் வரை எழுந்திருக்க முடியாது, வீடு சேரப் பதினொன்றரை ஆகிவிடும். கடையில் என் வேலை சுத்தம். நோட்டில் ரொக்க இருப்பு 48,350 என்றிருந்து கல்லாவில் 48,150 இருந்தால், அந்த இருநூறு ரூபாய் எங்கே போனது என்று தெரியாமல் நான் கடையை விட்டு இறங்கியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தி தன் படிப்புக் கணக்கில் எப்படி ஏமாந்தாள் என்பதுதான் கேள்வி.

2025 தேர்வுக்கு ஒரு நீள நோட்டுப் போட்டேன். தினமும் இரண்டு மணி நேரம், ஒரு பாடம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழும் சமூக அறிவியலும் அறிவியலும் வரிசையாக. பாடத்தின் பெயர், தேதி, கடைசியில் டிக் அடிக்க ஒரு கட்டம். பிப்ரவரியில் தொடங்கி ஜூன் முடியும் வரை ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. பழைய வினாத்தாள்களும் மாதிரித் தேர்வுகளுமாகப் பதினான்கு தாள்கள் வீட்டில் எழுதினேன். கடைசியாக எழுதியதில் 200க்கு 168 கேள்விகள் சரி: தமிழ் 88, பொது அறிவு 57, கணக்கு 23.

தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்த்தேன். தமிழ் 71, பொது அறிவு 46, கணக்கு 22. மொத்தம் 139. அதற்கு முந்தைய ஆண்டு வீட்டில் 161, தேர்வில் 133. இந்த முறை தமிழ்ப் பகுதி கடினம் என்று பலரும் சொன்னார்கள். அதை நானும் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் இரண்டு ஆண்டும் ஏறக்குறைய அதே துண்டு விழுகிறதே!

பயம், பதற்றம் என்று சொல்லாதீர்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. தேர்வறையில் கொட்டாவிதான் வந்தது. இலக்கு வைத்து நடக்கிறவர்கள் தங்கள் முன்னேற்றத்தை எப்படிச் சோதித்துக்கொள்கிறீர்கள்? தன்னைத் தானே ஏமாற்றாமல் கணக்குப் பார்ப்பது எப்படி?

பாதிப் பாடம்:

அக்கா, இரண்டு மணி நேரம் போதாது. நான் ஐந்து மணி நேரம் படிக்கிறேன். எத்தனை மணி நேரம் படித்தோம் என்று காட்டும் செயலி ஒன்று கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள், உற்சாகமாக இருக்கும்.

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:

நன்றி தம்பி. ஐந்து மணி நேரத்துக்கு வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீட்டு வாடகை யார் கொடுப்பது? உற்சாகம் என்னிடம் நிறையவே இருக்கிறது, 139 வாங்குகிற அளவுக்கு.

மூன்றாம் முயற்சி:

சகோதரி, 2018, 2019 என இரண்டு தேர்விலும் தவறி, 2022 ஜூலை 24 அன்று எழுதியதில் இளநிலை உதவியாளர் ஆனவன் நான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். விடையை நீங்களே எழுதிவிட்டு எங்களைக் கேட்கிறீர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. திங்கட்கிழமை வீடு சேரப் பதினொன்றரை என்கிறீர்கள். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்கிறீர்கள். அந்த ஐந்து மாதத்தில் இருபதுக்கும் மேல் திங்கட்கிழமைகள் வந்திருக்கும். அந்த டிக்குகள் எப்போது விழுந்தன?

இரண்டாவது, உங்கள் கணக்குப் பகுதி. வீட்டில் 23, தேர்வில் 22. அங்கே மட்டும் துண்டு விழவில்லை. ஏன்? கூட்டுவட்டிக் கணக்கை யாரும் "வாசித்து முடிப்பது" இல்லை. 10,000 ரூபாய்க்கு 10 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக் கூட்டுவட்டி கேட்டால், தாளில் போட்டுப் பார்த்தால் 2,100 வரும், அல்லது வராது. இரண்டில் ஒன்று. தமிழிலும் வரலாற்றிலும் நீங்கள் செய்தது வேறு. பாடத்தைக் கண்ணால் ஓட்டிவிட்டு டிக் அடித்திருக்கிறீர்கள். கடையில் நோட்டைப் பொய் என்று சொல்ல ஒரு கல்லா இருக்கிறது. உங்கள் படிப்பு நோட்டுக்குக் கல்லா எது?

நானும் இப்படித்தான் இருந்தேன். என் நோட்டில் "இலக்கணம் முடிந்தது" என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டு கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் ஊறுகாய் என்று சொல்வேன். மாதிரித் தேர்வில் அலைகடல் என்று கேட்டார்கள். விழித்தேன். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்திருந்தால், அலைந்த கடல், அலைகின்ற கடல், அலையும் கடல் என்று போட்டுப் பார்த்திருப்பேன். எனக்குத் தெரிந்தது ஊறுகாய் மட்டும்தான், வினைத்தொகை அல்ல. அதற்கு ஓர் அடிக்கோடு!

அதற்குப் பிறகு நான் செய்தது இது. தாள் எழுதும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் உ, ஐ, கு என்று ஓர் எழுத்து போடுவேன். உறுதி, ஐயம், குருட்டாம்போக்கு. விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கு ஐந்தாவதாக ஒரு வட்டம் வைத்திருக்கிறார்களே, அதிலிருந்து வந்த யோசனைதான். வீட்டில் யாரும் அந்த வட்டத்தைத் தொடுவதில்லை. தெரியாத கேள்விக்கும் ஏதோ ஒன்றை எழுதுகிறோம், நான்கில் ஒன்று தானாகவே சரியாகிவிடுகிறது, அதையும் நம் அறிவில் சேர்த்துக்கொள்கிறோம். தேர்வில் குருட்டாம்போக்கில் போடுங்கள், தவறில்லை. வீட்டில் அதை வரவு வைக்காதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பதினான்கு தாள்களில் எத்தனை, முன்பே பார்த்த கேள்விகள்? ஒரே தாளை இரண்டாம் முறை எழுதினால் அது பாடத்தைச் சோதிப்பதல்ல, அந்தத் தாளை நினைவில் வைத்திருக்கிறோமா என்று சோதிப்பது.

பழைய ஆய்வகம்:

அம்மா, எனக்கு இந்தத் தேர்வைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் மகள் எழுதுகிறாள் என்பதால் இங்கே எட்டிப் பார்ப்பேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வகத்தில் இரத்தம் எடுத்தவன்.

சர்க்கரை நோயாளிகளில் ஒரு வகை உண்டு. டாக்டரைப் பார்க்கப் போகும் தேதிக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தொடாமல், காலையிலும் மாலையிலும் நடப்பார்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் சர்க்கரை அழகாக இருக்கும். சீட்டை வாங்கியதும் முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் இருந்த கடையில் வடை சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள், நானே பார்த்திருக்கிறேன். எச்பிஏ1சி என்று ஒரு சோதனை இருக்கிறது, மூன்று மாதச் சர்க்கரை என்பார்கள். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை அவ்வளவு எளிதில் போகாது. இரண்டு நாள் பத்தியம் அதனிடம் செல்லாது. அந்தச் சீட்டைக் கொடுத்தால் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், இயந்திரம் கெட்டுவிட்டது என்று.

அவர்கள் கெட்டவர்கள் அல்ல அம்மா. டாக்டர் திட்டுவாரே என்று பயம், அவ்வளவுதான். உங்கள் நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? யார் திட்டப் போகிறார்கள்? அதை யோசித்துப் பாருங்கள்.

கலர் பேனா வேண்டாம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். உ, ஐ, கு எல்லாம் நல்லதுதான். ஆனால் இப்படிச் சோதித்துக்கொண்டே இருப்பதும் படிக்காமல் இருக்க ஒரு வழி. நான் திட்டம் போட்டே ஓர் ஆண்டை ஓட்டினேன். பச்சை முடிந்தது, மஞ்சள் பாதி, சிவப்பு மீதி. ஞாயிற்றுக்கிழமை முழுதும் அடுத்த வாரத்துக்கு அட்டவணை வரைவேன். என் மாமியார் ஒரு நாள், "பரீட்சைக்கு வரையவும் சொல்வார்களா?" என்று கேட்டார். அன்றோடு கிழித்துப் போட்டேன். மாதத்துக்கு ஒரு தாள் போதும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாக நடக்கிறது, அங்கே மாதிரித் தேர்வும் உண்டு. மூன்று மணி நேரம் முடிந்ததும் தாளை வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் நமக்கு மூன்றே கால் மணி நேரமும் மூன்று மணி நேரம்தான்.

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:

நான்கு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

மூன்றாம் முயற்சி அண்ணா, நீங்கள் கேட்டது சரி. திங்கட்கிழமை டிக்குகள் புதன்கிழமை விழுந்தவை. எப்படித் தெரிகிறது என்றால், திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. மார்ச் இரண்டாம் வாரம் என் பேனா மை தீர்ந்து திட்டுத்திட்டாக எழுதியது; அந்தத் திட்டு மூன்று டிக்கிலும் இருக்கிறது. கடையில் ஒரு பையன் இப்படி வவுச்சர் எழுதிக் கொடுத்தால் ஒரு பார்வையில் பிடித்துவிடுவேன். பிடித்தும் இருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அடிக்கவில்லை. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் படித்துவிடலாம், கட்டம் காலியாக இருந்தால் மனசு விட்டுப்போகும் என்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன்.

பதினான்கு தாள்களில் ஆறு, முன்பே எழுதியவை. 168 வந்தது 2022 தாளில். அது எனக்கு மூன்றாம் முறை.

நேற்று, இதுவரை கண்ணில் படாத 2019 தாளை எடுத்தேன். தங்கையிடம் கைபேசியைக் கொடுத்து, மூன்று மணி நேரம் ஆனதும் தாளைப் பிடுங்கிக்கொள் என்றேன். பிடுங்கியும்விட்டாள், கடைசி நான்கு கேள்விக்கு அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். ஒவ்வொன்றுக்கும் எழுத்து போட்டேன். கணக்கு இதோ:

உறுதி என்று போட்டது 112, அதில் சரி 104.
ஐயம் 51, அதில் சரி 27.
குருட்டாம்போக்கு 37, அதில் சரி 10.

மொத்தம் 141. தேர்வில் வாங்கியது 139! ஐந்து மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த துண்டு ஒரே நாளில் காணாமல் போய்விட்டது. ஆனால் இரவு தூக்கம் வராமல் செய்தது வேறு. எனக்கு உண்மையில் தெரிந்தது 104தான்.

பழைய ஆய்வகம் ஐயா, யார் திட்டப் போகிறார்கள் என்று கேட்டீர்கள். நோட்டை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அப்பா ஞாயிறுதோறும் போனில், எத்தனை பாடம் முடிந்தது கண்ணு என்று கேட்பார். எண்ணிச் சொல்வேன். அவ்வளவுதான் ஐயா.

மூன்றாம் முயற்சி:

104ஐப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். உங்கள் தாளில் எனக்குப் பிடித்தது அந்த 51. பாதி தெரிந்த இடம் அதுதான், உழைத்தால் முதலில் பலன் தருவதும் அதுதான். ஐயம் போட்ட கேள்விகளை மட்டும் பாடவாரியாகப் பிரித்து, அடுத்த மாத இலக்காக வையுங்கள். "பத்தாம் வகுப்பு முடிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "புத்தகத்தை மூடிவிட்டுப் பத்துக் கேள்விக்கு எட்டு விடை" என்று எழுதுங்கள். எட்டு வராத அன்று டிக் கிடையாது.

அந்த உறுதியில் தவறிய எட்டு என்ன? அதைப் பார்த்தீர்களா? தெரியாததைவிட, தெரியும் என்று நினைத்துத் தவறியதுதான் ஆபத்து.

ஈரோட்டுக் கணக்குப்பிள்ளை:

பார்த்தேன் அண்ணா. எட்டில் ஐந்து இலக்கணம். ஐந்துமே சின்ன வகுப்பில் படித்தவை, அதனாலேயே இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காதவை. எட்டாவது ஒரு கணக்கு, அதுவும் சதவீதம்! தினமும் தள்ளுபடி போட்டுப் பில் எழுதுகிறவள் அதில் தவறினேன் என்று கடையில் சொல்லிவிடாதீர்கள்.

பழைய நோட்டைத் தூக்கிப் போடவில்லை, பரணில் வைத்திருக்கிறேன். புது நோட்டில் மூன்று பத்திதான்: பாடம், மூடிவைத்துக் கேட்ட கேள்வி, வந்த விடை. டிக் அடிக்கக் கட்டம் இல்லை. இன்று செவ்வாய்க்கிழமை. முதல் வரி எழுதியிருக்கிறேன்: "திங்கள். சந்தை. படிக்கவில்லை."

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.