பால் கவரை வாங்குகிறார்கள், சிப்ஸ் கவரை ஏன் வாங்குவதில்லை?

வேளச்சேரி வாசகி:
எங்கள் குடியிருப்பில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் வைக்கிறோம். பால் கவர், அட்டைப்பெட்டி எல்லாம் காயலான் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். சிப்ஸ் கவர், ஷாம்பு சாஷே, ஜூஸ் வரும் டெட்ரா பாக்கெட், தெர்மாகோல் இவற்றைக் கழுவிக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள். எல்லாமே பிளாஸ்டிக்தானே?

தாம்பரம் பழைய பேப்பர் கடை:
இல்லை அக்கா. பால் கவர் முழுக்க ஒரே ரகம், பாலித்தீன். உருக்கிக் குருணையாக்கினால் குப்பைப் பை, டியூப் என்று எதற்காவது ஆகும். சிப்ஸ் கவருக்குள் மின்னுகிறதே, அது பிளாஸ்டிக் மேல் படியவைத்த அலுமினியம். அதன் மேல் இன்னொரு படலம், நடுவில் அச்சு மை. ஒட்டியதைப் பிரித்தெடுக்கிற செலவுக்கு வரும்படி கிடையாது. அதனால்தான் எங்களிடம் வாங்க ஆளில்லை. சாஷேயும் அதே கதைதான்.

தெர்மாகோல் பெரும்பகுதி காற்று. வண்டி நிறைய ஏற்றினாலும் எடை தேறாது, வாடகைக்கே கட்டாது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பால் கவரின் மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டிக் கவரோடு தொங்கவிடுங்கள். கழுவிக் காயவையுங்கள். பால் நாற்றத்தோடு வரும் மூட்டையைப் பிரிக்கிற பெண்கள் நாள் முழுக்க அதில்தான் கை வைக்கிறார்கள்.

கோவை நண்பர்:
சிப்ஸ் கவரைக் கழுவிக் காயவைத்து உலர் குப்பையோடு மாநகராட்சி வண்டியில் கொடுங்கள். ஒழுங்காகப் பிரிக்கும் இடங்களில் இந்த மாதிரிக் கவர்கள் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகின்றன. நிலக்கரி கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். எரிப்பதை நான் மறுசுழற்சி என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் சாஷேயை விட்டுவிட்டுப் பெரிய பாட்டிலுக்கு மாறிவிட்டோம். அந்த பாட்டிலைக் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

வேளச்சேரி வாசகி:
நன்றி. டெட்ரா பாக்கெட்?

தாம்பரம் பழைய பேப்பர் கடை:
அதில் முக்கால்வாசி அட்டைதான் அக்கா. கூழாக்கிக் காகிதம் எடுக்கிற ஆலைகள் இருக்கின்றன. ஆனால் லோடு சேர்ந்தால்தான் அனுப்ப முடியும், ஒரு வீட்டுச் சரக்கு எதற்கும் காணாது. உங்கள் குடியிருப்பு மொத்தமும் சேர்த்து வைத்தால், பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். தட்டையாக மடித்து, உள்ளே ஈரமில்லாமல் கொடுங்கள். சர்க்கரை ஒட்டியிருந்தால் எறும்பும் எலியும் மூட்டைக்கு வந்துவிடும்.