1896, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மூர்: அடிக்கும் கணவனிடமிருந்து நாயகி சட்டப்படி பிரிய முடியுமா?

கேள்வி: நாவலின் களம் மூர் எனும் மேட்டுப் புதர்வெளியில் ஒரு பண்ணை. கணவனும் மாமனாரும் வதைக்கிறார்கள். விவாகரத்து இல்லாமல் பிள்ளைகளோடு வெளியேற வழி உண்டா?

பதில் 1: உண்டு. மணமான பெண்களுக்கான 1895 சட்டப்படி, தொடர் கொடுமையால் வெளியேறித் தனியே வாழும் மனைவி மாஜிஸ்ட்ரேட்டிடம் முறையிடலாம். பிரிவு உத்தரவு, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொறுப்பு, வாரம் அதிகபட்சம் 2 பவுண்டு ஜீவனாம்சம் கிடைக்கும். வரிசையைக் கோட்டை விடாதீர்கள்: முதலில் வாசல் தாண்டணும், பிறகே மனு. மாமனார் அடித்ததை வைத்து மட்டும் வழக்கு நிற்காது; கணவனின் கொடுமையைக் காட்டணும்.

பதில் 2: அவள்மேல் கள்ள உறவு நிரூபணமானால் பொதுவாக உத்தரவே கிடைக்காது. எதிர்த்தரப்பு அதைத்தான் கிளறும், அநியாயம்!

பதில் 3: வழிச்செலவுக்குக் காலுறை பின்னிய கூலியைக் கொடுங்கள். மணமான பெண்களின் சொத்துரிமைக்கான 1882 சட்டப்படி அவள் தனியாகச் சம்பாதித்தது அவளுக்கே சொந்தம். பீட் (எரிக்க வெட்டும் சதுப்பு மண்) கட்டிகளை நிமிர்த்திக் காயவைத்த வெடித்த விரல்களால் அவள் அதை எண்ணட்டும்.