சிக்னல் பச்சை விழுந்திருந்தால் ஜங்ஹ்வான்தான் மாப்பிள்ளையாமே?

வானதி_வடபழனி: வேறொரு இழையில் பரணி70 எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ‘ரிப்ளை 1988’ என்ற கொரியத் தொடரில் ஒரு சிவப்பு விளக்கு விழுந்ததால்தான் தொக்சனை தேக் கட்டினான், இல்லையென்றால் ஜங்ஹ்வான்தான் மாப்பிள்ளை என்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: சியோலில் சாங்முன்தோங் என்ற பேட்டையில் ஒரே சந்தில் வளரும் ஐந்து பேர், அதில் ஒரே பெண் தொக்சன். எதிர்வீட்டு ஜங்ஹ்வான், பாதுக் (கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் பலகை ஆட்டம்) ஆட்டக்காரன் தேக் இரண்டு பேருக்குமே அவள்மேல் ஆசை. 1994இல் ஒரு இசைக் கச்சேரி வாசலில் அவள் துணைக்கு ஆளில்லாமல் நிற்கிறாள். ஜங்ஹ்வான் காரை விரட்டிக்கொண்டு வருகிறான், வழியில் சிக்னல் விழுகிறது. போய்ச் சேரும்போது தேக் அங்கே நிற்கிறான். அவ்வளவுதான் காட்சி. இதை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணத்தையே போக்குவரத்து போலீஸ் கையில் கொடுத்துவிட்டார் நம்ம அண்ணன்.

பரணி70: எனக்காகத் தனி இழையா? ரொம்ப நன்றி. நான் சொன்னதில் மாற்றமே இல்லை. இயக்குநர் ஷின் வோன்ஹோ வேலை இல்லாமலா அந்த விளக்கை அவ்வளவு நேரம் காட்டினார்? பச்சை விழுந்திருந்தால் ஜங்ஹ்வான் முதலில் போயிருப்பான். முதலில் போயிருந்தால் கதை முடிந்தது. பேருந்தில் கூட்டம் அவள்மேல் சாயாமல் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து அரண் கட்டினானே, அது யார்? அவள் படித்துவிட்டு வீடு திரும்பும்வரை தூங்காமல் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது யார்? மழையில் குடையோடு வந்து நின்றது யார்?

வானதி_வடபழனி: அதே 18ஆம் பகுதியில் அதே ஜங்ஹ்வான், அதே காரில் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்கிறான்? தப்பு சிக்னல் மேலும் இல்லை, நேரத்தின் மேலும் இல்லை, நான் தயங்கித் தயங்கி நின்றதுதான் தப்பு என்கிறான். பையனே ஒத்துக்கொண்டுவிட்டான், உங்களுக்கு என்ன வக்கீல் வேலை? இன்னொன்று, தேக் அன்றைக்கு ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்தான். பாதுக் தவிர வேறு எதுவும் தெரியாத பையன். ஜங்ஹ்வான் பாதிப் படத்தில் எழுந்து வந்தான். இரண்டும் ஒன்றா?

கிச்சிலி: தேக்குக்கு ஷூ கயிறுகூடக் கட்டத் தெரியாது. அவனைக் கட்டிக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

வானதி_வடபழனி: கயிறு கட்டிவிடுவாள். உங்களுக்கு என்ன கஷ்டம்?

பரணி70: பேச்சை மாற்றாதீர்கள். சிக்னல் பச்சை விழுந்திருந்தால்? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

வானதி_வடபழனி: இல்லை. பச்சை விழுந்து, அவன் முன்னாடி போய் நின்றிருந்தாலும் “இந்தப் பக்கம் வந்தேன்” என்று முறைத்துக்கொண்டு நின்றிருப்பான். அவள் கொடுத்த பிங்க் சட்டை அவன் அண்ணன் உடம்பில் இருப்பதைப் பார்த்து அவள் நொந்துபோனபோது வாயைத் திறந்தானா? அப்போது எந்த சிக்னல் விழுந்திருந்தது? அந்தக் காதல் அறிவிப்பைப் பாருங்கள். விமானப்படைக்காரன், மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கடைசியில் சிரித்து, சும்மா விளையாட்டு என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறான். அந்தச் சாப்பாட்டுக் கடைக்குள்ளும் சிக்னல் போட்டிருந்தார்களா?

ராஜாமணி_திருச்சி: அந்த மோதிரக் காட்சியில் நான் அழுதேன். அதைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா தெரியவில்லை. தேக் மட்டும் யோக்கியமா? ஜங்ஹ்வான் பர்சில் தொக்சன் படத்தைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட்டிருந்த படத்துக்கே வரவில்லை. அவனும் ஒதுங்கித்தான் போனான். அவனைத் தயங்கியவன் என்று யாராவது சொல்கிறீர்களா?

கிச்சிலி: அதைக் கேளுங்கள்! இன்னொரு மோசடியும் உண்டு. நடுவயதான தொக்சனும் புருஷனும் சோபாவில் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் அவர் பேச்சு, எரிந்து விழுவது, எல்லாமே ஜங்ஹ்வான் மாதிரி. கடைசியில் “நான்தான் தேக்” என்றால் யாருக்கு எரியாது? இதே வரிசையில் முன்னால் வந்த ரிப்ளை 1994 தொடரிலும் புருஷன் யார் என்று இப்படித்தான் இழுத்தார்கள், ஆனால் அங்கே ஏமாற்றவில்லை.

வானதி_வடபழனி: கிச்சிலி, நீங்கள் 1994 பார்த்ததே எனக்குச் சந்தேகம். போன தடவை அதில் வரும் சில்போங்கை டாக்டர் என்று எழுதியவர்தானே நீங்கள்? அவன் பேஸ்பால் வீரன். துண்டு வீடியோ பார்த்துவிட்டு முழுசாகப் பார்த்தவர்களோடு வாதம் செய்ய வரக்கூடாது.

கிச்சிலி: ஒரு தடவை மாற்றி எழுதிவிட்டேன், அதை இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். ஒவ்வொரு பகுதியும் ஒன்றரை மணி நேரம், முழுக்கப் பார்த்தேன். உங்களுக்கு நோட்டு போட்டுக் காட்ட வேண்டுமா?

சண்முகம்_ஐயா: ஒரு பெண்ணுக்கு இரண்டு பையன், இதில் என்ன இவ்வளவு சண்டை? கிம்ச்சி, பரோட்டா என்று அம்மாக்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.

வானதி_வடபழனி: ஐயா, தொடரில் பரோட்டா எங்கே வந்தது?

பரணி70: ஐயா விளையாட்டாகச் சொல்கிறார், அவரிடமும் சண்டையா? சிக்னலுக்கு வாருங்கள். நிஜ வாழ்க்கையில் தொக்சனாக நடித்த ஹ்யேரியும் ஜங்ஹ்வானாக நடித்த ரியூ ஜுன்யோலும் காதலித்ததை 2017இல் அவர்கள் நிறுவனங்களே உறுதி செய்தன. அங்கே பச்சை விழுந்தது, பாருங்கள்.

வானதி_வடபழனி: 2023இல் பிரிந்துவிட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ராஜாமணி_திருச்சி: ஐயையோ, அதையுமா இழுக்க வேண்டும்?

வானதி_வடபழனி: இழுத்தது நானா? சரி, நான் கேட்பது இதுதான். உங்கள் மூன்று பேர் பதிவிலும் தொக்சன் எங்கே? யார் முதலில் போனான், யார் குடை பிடித்தான் என்று பையன்கள் கணக்குத்தான் ஓடுகிறது. அதே சந்துப் பையன் சன்வூவுக்குத் தன்னைப் பிடிக்கும் என்று தோழிகள் சொன்னதும் அவன்மேல் ஆசைப்பட்டாள், அவன் அவள் அக்கா போராவைத்தான் விரும்பினான். அப்புறம் ஜங்ஹ்வானுக்குப் பிடிக்கும் என்று அதே தோழிகள் சொன்னதும் அவன் பக்கம் திரும்பினாள். ஐந்து பேரில் இன்னொருவனான தொங்ரியோங்தான் சொல்கிறான், உன்னை யாருக்குப் பிடிக்கும் என்று பார்க்காதே, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று பார் என்று. சீனாவுக்கு தேக்கோடு போனபோது அவன் சாப்பாடு, அறையின் சூடு எல்லாவற்றுக்கும் அவள்தான் ஓடினாள். வீட்டில் கடைசி மார்க் வாங்கித் திட்டு வாங்குகிற பெண், அங்கே பொறுப்பான ஆளாக நிற்கிறாள். அது கச்சேரிக்கு ஐந்து வருஷம் முன்னாடி. அவள் எந்தச் சிக்னலிலும் நிற்கவில்லை.

பரணி70: நீளமாக எழுதிவிட்டால் சரியாகிவிடாது. அவள் மனசு தெளிந்தது எப்போது? கச்சேரிக்குப் பிறகு. கச்சேரியில் தேக் இருந்தது எதனால்? ஜங்ஹ்வான் தாமதமானதால். தாமதம் எதனால்?

வானதி_வடபழனி: தேக் இருந்தது தேக் வந்ததால்! ஜங்ஹ்வான் தாமதமானதால் எப்படி தேக் முளைப்பான்?

கிச்சிலி: பரணி அண்ணா, அவர் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

பரணி70: கவனித்தேன். சிக்னல் பக்கமே வரமாட்டார்.

வானதி_வடபழனி: சொல்லியாயிற்று, மூன்று தடவை. படிக்கத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய? போகட்டும், ரிப்ளை 1997 தொடரிலும் யார் புருஷன் என்று தப்பாகச் சொல்லி என்னோடு மல்லுக்கட்டியவர் நீங்கள்தானே, அந்தப் பதிவை ஏன் அழித்தீர்கள்?

பரணி70: நான் அழிக்கவில்லை, நிர்வாகி அழித்தார். அதைப் பற்றித் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

சண்முகம்_ஐயா: ‘பரோட்டா’ என்று டைப் செய்தது என் பேத்தி. மன்னிக்கவும், திண்ணை தொடரில் இருக்கிறது.