களப்புச் சேறு பூசின படம் வெடிச்சு வெடிச்சு விழுது, என்ன செய்யலாம்?

களப்புக்கரை:
வணக்கம், நான் மட்டக்களப்பில கல்லடிப் பக்கம், நுண்கலை கடைசி வருசம். வெள்ளத்தைப் பத்தி மிக்ஸ்ட் மீடியா (பல பொருள் கலந்து செய்ற படம்) தொடர் ஒண்டு செய்றன். வெள்ளம் வத்தினாப் பிறகு எங்கட வீட்டுச் சுவத்தில ஒரு மண்ணிறக் கோடு நிண்டிச்சு, அதுதான் யோசனை, அதுக்கு பெயிண்ட் சரிவராது எண்டு வாவிச் சேத்தையே அள்ளி பைண்டர் கம் எண்ட வெள்ளைப் பசையில குழைச்சு கன்வஸ்ல மொத்தமாப் பூசினன். ரெண்டு நாளில வயல் மாதிரி வெடிச்சிட்டு. இப்ப வெள்ளையா வேற பூத்திருக்கு, பூஞ்சணமா? இப்பிடி வரையிற ஆர்டிஸ்ட் ஆரும் இருந்தாலும் சொல்லுங்க, சேர் ரெஃபரன்ஸ் கேக்காரு.

தூரிகை:
ஈரத்துணியால ஒத்திப் பாருங்க தங்கச்சி, கரைஞ்சா உப்பு. களப்பில கடல்தண்ணி கலக்குதுதானே. சேத்தை வாளியில கரைச்சு ஒரு ராவு விட்டு மேல்தண்ணியை ஊத்துங்க, இப்பிடி அஞ்சாறு தரம். மறுகா அரிச்சு, கழுவின மணலும் கொஞ்சம் சேருங்க, களி தனியக் காஞ்சா சுருங்கும், வெடிக்கும். கன்வஸை விட்டுட்டு பிளைவுட்ல பூசுங்க, மெல்லிசா, ஒண்டு காஞ்சாப் பிறகு மத்தது. பைண்டர் கம் மாரியில ஈரம் குடிச்சு இளகும், காசிருந்தா அக்ரிலிக் மீடியம் (நிறம் கலக்காத அக்ரிலிக் பசை) வாங்குங்க.

நாவல்மரம்:
ரெஃபரன்ஸுக்கு அலெக்சிஸ் ராக்மன், அமெரிக்கர், 1962இல பிறந்தவர். 2004இல கீறின 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி' 24 அடி நீளம், கடல் ஏறி மூழ்கின எதிர்கால புரூக்ளின். அது ஒயிலும் அக்ரிலிக்கும்தான், உங்களுக்கு வேண்டியது அவர்ட ஃபீல்ட் ட்ரோயிங்ஸ். எந்த இடத்து விலங்கு, செடியைக் கீறுறாரோ அந்த இடத்து மண்ணையே அள்ளிக் கீறுவார். வட அமெரிக்காவில கிரேட் லேக்ஸ் ஏரிகளுக்கும் அப்பிடித்தான் செய்தவர். எனக்கு பெரிய படத்தை விட அந்தச் சின்னப் படங்கள்தான் பிடிக்கும், பெரிசு கொஞ்சம் சினிமா போஸ்டர் மாதிரி.

காரைதீவான்:
பிள்ள, நான் 78 நவம்பர் சூறாவளி கண்டவன். தென்னையெல்லாம் தலை முறிஞ்சு நிண்டிச்சு, கூரைத் தகரம் கடதாசி மாதிரி பறந்திச்சு. படம் கீறத் தெரியாது, ஆனா ஒண்டு, அழுற பூமிப்பந்து மட்டும் கீறிப்போடாதீங்க, பள்ளிக்கூடச் சுவர் முழுக்க அதுதான். அந்தக் கோடு தரையில இருந்து எத்தினை அடி?

களப்புக்கரை:
உப்புத்தான் அண்ணா, துடைச்சவுடன போயிட்டு! ஐயா, அளந்தன், என்ட இடுப்புக்கு மேல, மூணே கால் அடி. பலகையை அதே உயரத்தில மாட்டலாமோ எண்டு இப்பதான் யோசிக்கிறன்.