கிளே பார் போட்டதும் பானட்டு மங்கிப் போச்சு, அவசரம்!

மாக்மண்டின் மச்சான்
வணக்கம் எல்லாருக்கும். நேத்து காடி (கார்) கழுவிட்டு கிளே பார் போட்டேன், பெயிண்டுல ஒட்டின அழுக்கை எடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி. இப்ப பானட்டு (எஞ்சின் மூடி) பூரா வெள்ளை வெள்ளையா கோடு, கண்ணாடி மாதிரி இருந்தது மங்கிப் போச்சு. தடவுனா கையில லேசா பிசுபிசுக்குது. தண்ணி அடிச்சாலும் போகல. சனிக்கிழமை தங்கச்சிக்குப் பரிசம், இந்தக் காடியிலதான் போகணும். என்ன போட்டுத் துடைச்சா போகும்? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க லா.

செந்தூல் வாசி
என்ன காடி, என்ன கலர்? கிளே மைல்டா மீடியமா? எதைத் தெளிச்சுத் தேய்ச்சீங்க? இது எதையும் சொல்லாம என்ன போடன்னு கேட்டா நாங்க ஜோசியம்தான் பாக்கணும்.

ரோஜா சலூன் அக்கா
படம் போடுங்க தம்பி. வெயில்ல வெச்சு ஒண்ணு, நிழல்ல ஒண்ணு.

பாலம் தாண்டி
மாக் மண்டின்னா பட்டர்வொர்த் தானே? ஃபெர்ரி பக்கம் காடி போட்டுட்டு பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போற ஆளா நீங்க? அப்படின்னா சந்தேகமே வேண்டாம், ரயில் தூசு. ஸ்டேஷன் பக்கத்துலதானே இருக்கு. தண்டவாளத்துலயும் பிரேக்குலயும் தேயுற இரும்புப் பொடி பறந்து வந்து பெயிண்டுல குத்திக்கும், மழை பட்டா துரு பிடிக்கும். என் வெள்ளைக் காடியில ஆரஞ்சுப் புள்ளியா இருந்துச்சு. 'அயர்ன் ரிமூவர்' அடிச்சேன், ஊதாக் கலர்ல ஓடுச்சு பாருங்க. அதை அடிங்க.

செந்தூல் வாசி
அண்ணே, அவர் கேக்கறது கிளே போட்ட *அப்புறம்* வந்த கோடு. ரயில் என்ன பண்ணுச்சு பாவம்.

பாலம் தாண்டி
அந்த இரும்புப் பொடி கிளேயில மாட்டிக்கிட்டு பானட்டைக் கீறியிருக்கும்னு சொல்றேன். முதல்ல அயர்ன் ரிமூவர், அப்புறம்தான் கிளே. ஆர்டர் மாறிப் போச்சு.

ரோஜா சலூன் அக்கா
அந்த ஊதா மருந்து நாறுமே! எங்க வீட்டுக்காரர் போர்ச்சுல அடிச்சப்ப எனக்கு நம்ம கடை ஞாபகம் வந்துச்சு. பெர்ம் மருந்து வாடை அப்படியே. பாட்டில் பின்னாடி படிச்சுப் பாத்தேன், தியோகிளைகோலேட். முடியைச் சுருட்டுற மருந்தும் அதே ஜாதிதான்.

மெருகு மாஸ்டர்
இந்தக் கேள்வி மாசாமாசம் வருது. தேடிப் படிக்கிற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இல்ல, சரி போகட்டும். கிளே பார்ங்கறது சோப்பு இல்ல தம்பி. அது உராய்வுப் பொருள். ஜப்பான்காரர் தடாவோ கொடாத்தே இதுக்கு 1995-ல அமெரிக்காவுல வாங்கின பேடண்டைப் பாருங்க, வளைஞ்சு கொடுக்கிற அரைக்கல்னுதான் தலைப்பே இருக்கும். அரைக்கல்லைக் கறுப்பு பெயிண்டுல தேய்ச்சா கோடு வராம கோலமா வரும்? கிளே போட்டா அடுத்து பாலிஷ், அதுக்கு மேல வாக்ஸ். இது தெரியாதவங்க 15 வெள்ளி ஸ்னோ வாஷ், அதான் நுரை போட்டுக் கழுவறதோட நிறுத்திக்கறது நல்லது.

செந்தூல் வாசி
காடி கறுப்புன்னு அவர் இன்னும் சொல்லவே இல்லையே மாஸ்டர்?

மெருகு மாஸ்டர்
வெள்ளைக் காடியில கோடு தெரியாது. யோசிக்கணும்.

மாக்மண்டின் மச்சான்
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். கறுப்பு மைவி. கிளே ஆன்லைன்ல வாங்கினது, நீலக் கலர், கிரேடு ஒண்ணும் எழுதல. நீலம்னா மைல்டுதானே? தண்ணியில கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு கலந்து ஸ்ப்ரே பண்ணி தேய்ச்சேன், வழுக்கிட்டு நல்லாத்தான் போச்சு. மத்தியானம், பிளாட் கீழ கார் பார்க்ல.

பட்டறை பாபு
ஆ, இப்பதான் விஷயம் வெளிய வருது. மத்தியானம் திறந்த கார் பார்க்ல கறுப்பு பானட்டுல கை வெக்க முடியுமா? சூட்டுல கிளே இளகும், தெளிச்ச தண்ணி உடனே காஞ்சிரும். காஞ்ச இடத்துல கிளே வழுக்காது, இழுபட்டு அப்பிக்கும். பிசுபிசுப்பு அதான். பாத்திர சோப்பு எண்ணெயைப் பிரிக்கிற சரக்கு, சில கிளேயைக் கரைச்சு கொழகொழன்னு ஆக்கிரும், பழைய வாக்ஸையும் சேத்து எடுத்துரும். கிளே வழுக்கறதுக்குன்னே விக்கிற லூப் இல்லன்னா குவிக் டீடெய்லர் ஸ்ப்ரே, அதைத் தாராளமா அடிக்கணும்.

நீலம்னா மைல்டுங்கறதை மறந்துருங்க. ஒரு கம்பெனிக்கு நீலம் மைல்டு, இன்னொருத்தனுக்கு மீடியம்.

இப்ப செய்ய வேண்டியது: பானட்டு நல்லா ஆறட்டும், நிழல்ல நிறுத்துங்க. ஃபார்மசியில ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, மைக்ரோஃபைபர் துணியில நனைச்சு கையகலம் மட்டும் துடைங்க. கோடு போயிட்டா அது கிளே எச்சம், மீதியையும் அப்படியே துடைச்சுடலாம். பிசுக்கு போயி மங்கல் மட்டும் நின்னா மேலாப்புல வந்த கீறல், ஃபினிஷிங் பாலிஷ் போட்டா போகும். நகத்தை வெச்சு இழுத்துப் பாருங்க. நகம் மாட்டினா மட்டும் கவலைப்படணும்.

ஈப்போ ரோடு
ஆல்கஹால்லாம் எதுக்கு, மண்ணெண்ணெய் ஒரு சொட்டு போதும். எங்கப்பா காலத்துல தார் ஒட்டினா அதான். கிளேயும் வேஸ்ட்டு, ஸ்டேஷனரி கடையில பிள்ளைங்க விளையாடுற பிளாஸ்டிசின் 3 வெள்ளிக்குக் கிடைக்குது, ரெண்டும் ஒரே மாவுதான்.

பட்டறை பாபு
பிளாஸ்டிசின்ல எண்ணெயும் மெழுகும் இருக்கு, அழுக்கை எடுக்காது, கறையைத்தான் விடும். தயவுசெஞ்சு கறுப்புக் காடிக்காரர்கிட்ட இதைச் சொல்லாதீங்க. மண்ணெண்ணெய் தாரை எடுக்கும், இல்லைங்கல, ஆனா எண்ணெய்ப் படலம் தங்கும், அதைக் கழுவ மறுபடி சோப்பு.

தீவுக்காரி
அதெல்லாம் இருக்கட்டும், பிளாட் கார் பார்க்ல ஓஸ் போட்டுக் காடி கழுவலாமா? எங்க பிளாட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. மேல் வீட்டுக்குத் தண்ணி ஏறாது, கீழ இவங்க பானட்டுக்கு அபிஷேகம்.

பாலம் தாண்டி
பினாங்குல தண்ணிக்கு என்ன பஞ்சம், பில்லே சில்லறைதான்.

தீவுக்காரி
சில்லறையா? 2024 ஜனவரியில சுங்கை டுவா தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல வால்வு மாத்தறதுக்காகத் தண்ணிய நிறுத்தினப்ப வாளி தூக்கிட்டு அலைஞ்சது யாரு? நம்ம தண்ணியில பெரும்பங்கு கெடாவுல இருந்து ஓடி வர்ற சுங்கை மூடா ஆத்துல இருந்து வருது. கெடாவுல மழை இல்லன்னா இங்க குழாய் இருமும்.

பாலம் தாண்டி
அது வால்வு மாத்தினது, மழை இல்லாம இல்ல. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடறீங்க?

ஈப்போ ரோடு
ரெண்டு வாளி போதும், ஓஸ் எதுக்கு. ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல அலச.

மெருகு மாஸ்டர்
ரெண்டு வாளி முறை தண்ணி மிச்சம் பிடிக்க வந்ததில்ல. அலசுற வாளி மண்ணைப் பிரிக்கத்தான். சரி, யார் கேக்கறாங்க.

செந்தூல் வாசி
இழைக்கு வருவோம். மச்சான், ரூஃப், கதவு, டிக்கி இதுக்கெல்லாம் கிளே போட்டீங்களா? அங்கயும் மங்கலா?

மாக்மண்டின் மச்சான்
எல்லாத்துக்கும் போட்டேன். ரூஃப் சூப்பரா வழவழன்னு இருக்கு. பானட்டு மட்டும்தான் இப்படி.

பட்டறை பாபு
அட. அதே வெயில், அதே சோப்பு, ரூஃப் நல்லா இருக்கா? பானட்டுக்கு எப்பவாவது பெயிண்ட் அடிச்சீங்களா?

பாலம் தாண்டி
கழுவறதுக்கு முன்னாடி ஓட்டிட்டு வந்திருப்பார், எஞ்சின் சூடு. ரூஃபுக்கு ஏது எஞ்சின்.

மாக்மண்டின் மச்சான்
ஆமா அண்ணே, முன்னாடி போன லோரியில இருந்து கல் தெறிச்சு, போன தீபாவளிக்கு முன்ன பானட்டு மட்டும் அடிச்சோம். அது முக்கியமா?

பட்டறை பாபு
முக்கியமாவா! அதைத்தான் முதல் வரியில எழுதியிருக்கணும். கம்பெனி பெயிண்டை ஃபேக்டரியில 140 டிகிரி அளவுல வேக வெப்பாங்க. பட்டறையில அந்தச் சூடு காட்டினா பிளாஸ்டிக்கு, வயரு எல்லாம் போயிரும், அதனால 60 டிகிரி பக்கம்தான். சின்ன கடையில அதுவும் இல்ல, வெயில்லயே காய விடுவாங்க. மேல அடிக்கிற நிறமில்லாத பூச்சு, அந்த கிளியர் கோட் மிருதுவா இருந்தா ரூஃபுல ஒண்ணும் பண்ணாத கிளே இங்க கோடு போட்டுரும். பாலம் அண்ணன் சொல்ற எஞ்சின் சூடும் கூட சேந்திருக்கலாம், மறுக்கல.

வேகமா மெஷின் போட்டுத் தேய்க்காதீங்க, அடிச்ச கிளியர் கோட் எவ்வளவு கனம்னு நமக்குத் தெரியாது. ஆல்கஹாலையும் முதல்ல ஓரமா ஒரு மூலையில தடவிப் பாருங்க. அப்புறம் கையாலயே, மிருதுவான ஃபோம்ல, ஃபினிஷிங் பாலிஷ். மறுபடி அந்த பானட்டுல கிளே வேண்டாம்.

மெருகு மாஸ்டர்
நான் முதல்லயே சொன்னேன், கிளே போட்டா பாலிஷ்.

செந்தூல் வாசி
நீங்க சொன்னது சரிதான் மாஸ்டர், திட்டாம சொல்லியிருந்தா அவரும் அப்பவே கேட்டிருப்பார்.

ரோஜா சலூன் அக்கா
தம்பி, எந்த வீட்டுப் பரிசம்? பொண்ணுக்கு மேக்கப் ஆள் பாத்தாச்சா?

தீவுக்காரி
அக்கா 😂

சாகா சண்முகம்
குறுக்க வரேன். என் கிளே கீழ மண்ணுல விழுந்துருச்சு, கழுவிட்டுப் போடலாமா?

பட்டறை பாபு
வேண்டாம். மணல் உள்ள புதைஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தூக்கிப் போடுங்க. அடுத்த தரம் பாதியா வெட்டி வெச்சுக்குங்க, ஒண்ணு விழுந்தா ஒண்ணு மிஞ்சும்.

மாக்மண்டின் மச்சான்
எல்லாருக்கும் நன்றி. ஆல்கஹால்ல பிசுக்கு போச்சு, கொஞ்சம் மங்கல் நின்னுச்சு, மாமா பையன் ஏதோ பாலிஷ் வெச்சிருந்தான், கையாலயே போட்டோம். பக்கத்துல நின்னு உத்துப் பாத்தாதான் தெரியுது. சனிக்கிழமை பானட்டு மேல பூ மாலை போட்டுடறோம்.

செந்தூல் வாசி
என்ன பாலிஷ்னு பேர் போடுங்க மச்சான், அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

பட்டறை பாபு
மாலையை ஒட்டறதுக்கு செலோடேப்பு பானட்டுல போடாதீங்க. கிரில்லுல கட்டுங்க.